தாண்டும் மறைக்குட்டி வேண்டும்: மூன்று பொலிகுதிரைகளில் எதை எடுப்பது?

கடிவாளம்:

வணக்கம். ஷோஜம்பிங்குக்கு (தடை தாண்டும் போட்டிக்கு) ஒரு மறைக்குட்டி, அதாவது வெள்ளைத் திட்டுப் போட்ட குட்டி, எடுக்கத் திட்டம். கருமறையோ செம்மறையோ, எதுவானாலும் சரி. ஆனால் 1.40 மீட்டர் தாண்டும் உடம்பு வேண்டும்.

பெண்குதிரை: வார்ம்பிளட் (ஐரோப்பியப் போட்டிக்குதிரை வகை), 9 வயது, 164 செ.மீ., செவலை. நெற்றியில் சுட்டி, ஒரு பின்காலில் வெள்ளை. இதுவரை சினையானதில்லை. 1.25 மீட்டர் வகுப்பில் ஓடுகிறாள். கம்பில் கால் பட விடவே மாட்டாள், முன்கால் மடிப்பு கச்சிதம். குறை என்றால் கேன்டர் (மூன்று தாள ஓட்டம்) குட்டை, முதுகு சற்று நீளம், பின்கால் நேராக நிற்கும். அகலமான ஆக்சரில் (இரட்டைக் கம்புத் தடையில்) பின்பக்கத்தைத் திறக்காமல் உள்ளே இழுத்துக்கொள்வாள்.

பட்டியலில் மூன்று பொலிகுதிரைகள் (இனவிருத்திக்கான ஆண்குதிரைகள்):

அ) கருமறை, 172 செ.மீ., 12 வயது. டோபியானோ (ஒரு வகை மறை ஜீன்) இரட்டைப்பிரதி, குட்டி எல்லாம் மறையாகத்தான் பிறக்கும் என்று விளம்பரம். தான் தாண்டியது 1.20 வரை. குட்டிகள் நிறைய, குளிர்விந்து (குளிரூட்டி அனுப்பும் விந்து) உண்டு.

ஆ) பே (உடல் பழுப்பு, பிடரியும் வாலும் கறுப்பு) மறை, 167 செ.மீ., 10 வயது. டோபியானோ ஒற்றைப்பிரதி. 1.50 மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறான். மூத்த குட்டிகளுக்கு இப்போது 5 வயது. குளிர்விந்து, உறைவிந்து இரண்டும் உண்டு.

இ) செம்மறை, 168 செ.மீ., 4 வயது. தாய்வழியில் பெயின்ட் (அமெரிக்க மறைக்குதிரை இனம்) ரத்தம். ஆள் ஏறாமல் தாண்டிய வீடியோ மட்டும் இருக்கிறது, பிரமாதமாக இருக்கிறான். கட்டணம் மூன்றிலும் இவனுக்குத்தான் குறைவு.

எதை எடுக்கலாம்?

ஈற்றறை:

கடிவாளம் தம்பி, குறையை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. பலர் "நல்ல குதிரை, நல்ல குணம்" என்று எழுதிவிட்டு ஜோடி கேட்பார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். அதில் முக்கியம் பின்கால். பின்கால் நேராக இருந்தால் குதியுறுப்பிலும் (பின்காலின் நடுமூட்டிலும்) ஸ்டைஃபிளிலும் (பின்கால் முட்டியிலும்) கோணம் திறந்துவிடும், அதிர்வு முழுதும் சஸ்பென்சரி தசைநாரில் இறங்கும். முட்டிச்சில்லு மாட்டிக்கொள்ளும் தொல்லையும் இந்த அமைப்பில்தான் அதிகம். தாண்டும் குதிரைக்கு உந்துவிசையே பின்காலில் இருந்துதான் வருகிறது. அதனால் எந்தப் பொலிகுதிரையைப் பார்த்தாலும் பக்கவாட்டில் நிற்கவைத்த படம் கேளுங்கள். பிட்டத்தின் பின்முனையிலிருந்து தரைக்கு நேர்க்கோடு போட்டால், அது குதியின் பின்னோரத்தைத் தொட்டு, கீழ்க்காலின் பின்பக்கம் வழியாகவே இறங்க வேண்டும். குளம்பு கோட்டுக்கு முன்னால் போய்விட்டால் வாள்கால், அதாவது வாள்போல் வளைந்த கால்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நேர்க்கால் பெண்குதிரைக்கு வாள்கால் பொலிகுதிரை போட்டால் நடுவாந்திரமாக வரும் என்று கணக்குப் போடுவார்கள். அப்படி வராது. குட்டிக்கு இரண்டில் ஒரு குறை அப்படியே வரலாம். குறைக்கு மாற்று எதிர்க்குறை இல்லை, சரியான கால்தான். சரியான காலை அவன் தன் குட்டிகளுக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

உயரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 1938இல் வால்டனும் ஹாமண்டும் ஷையர், ஷெட்லாண்ட் கலப்பில் காட்டியது இன்றும் பொருந்தும்: பிறக்கும்போது குட்டியின் அளவைப் பெரும்பாலும் தாயின் கருப்பைதான் தீர்மானிக்கிறது. 172 செ.மீ. அப்பன் என்பதால் ஈற்று சிக்கலாகும் என்று அவனைத் தள்ள வேண்டியதில்லை. வேறு காரணம் இருந்தால் தள்ளுங்கள்.

கேள்விகள்: அவளுடைய எக்ஸ்ரே இருக்கிறதா? உடன்பிறப்பு யாராவது 1.40 தாண்டியதுண்டா? அவள் தாய் என்ன செய்தாள்?

சுட்டி:

நிறத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இதில்தான் விளம்பரம் அதிகம், விளக்கம் குறைவு.

ஷோஜம்பிங்கில் நாம் பார்க்கும் மறை பெரும்பாலும் டோபியானோ. 3ஆம் குரோமோசோமில் கிட் ஜீனுக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஒரு பிரதி இருந்தாலே மறை தெரியும். ஒற்றைப்பிரதிப் பொலிகுதிரை ஒவ்வொரு குட்டிக்கும் 50 சதவீத வாய்ப்பு தருவான், இரட்டைப்பிரதி 100 சதவீதம். இரட்டைப்பிரதியால் உடல்நலக் கேடு எதுவும் இல்லை. 2007 முதல் நேரடி மரபணுச் சோதனை இருக்கிறது, பிடரிமயிரை வேரோடு பிடுங்கி 20, 30 இழை அனுப்பினால் போதும். வெள்ளைக்குள் சின்னச் சின்ன மைத்துளி மாதிரி புள்ளி இருந்தால் இரட்டைப்பிரதி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பல நேரம் சரியாக இருக்கும், ஆனால் அதை நம்பிக் கட்டணம் கட்டாதீர்கள். ஆய்வறிக்கையைக் கேளுங்கள்.

50 சதவீதம் என்றால் முதல் குட்டி ஒற்றை நிறமாக வந்தால் அடுத்தது கட்டாயம் மறை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு சினையும் தனிக் கணக்கு. இரண்டு குட்டியும் ஒற்றை நிறமாக வர நாலில் ஒரு வாய்ப்பு, மூன்றும் அப்படி வர எட்டில் ஒன்று.

பஞ்சகல்யாணி அமைப்பையும் டோபியானோவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாலு காலிலும் முகத்திலும் வெள்ளை இருப்பதற்கு வேறு பல ஜீன்கள் காரணமாகலாம். டோபியானோவில் வெள்ளை முதுகைத் தாண்டி இறங்கும், கால்கள் வெள்ளையாக இருக்கும், முகம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். நாலு கால் மட்டும் வெள்ளையாக, உடம்பில் ஒரு விரலளவு மறை கூட இல்லாமல் இருக்கும் டோபியானோவும் உண்டு. அதனால் "குட்டி மறை இல்லை" என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யும் முன் சோதனை போடுங்கள்.

உங்கள் பெண்குதிரை செவலை, அதாவது செவலை ஜீன் இரண்டு பிரதி. ஆ பே நிறம். அவனிடம் செவலை ஜீனும் மறைந்திருந்தால் ஒரு சுவாரசியம் உண்டு. நிற அடிப்படையைத் தீர்மானிக்கும் எக்ஸ்டென்ஷன் ஜீனும் டோபியானோவும் ஒரே 3ஆம் குரோமோசோமில் இருக்கின்றன, பெரும்பாலும் சேர்ந்தே பயணிக்கும். ஆ-வுக்கு டோபியானோ ஒரு செவலை மறைத் தாயிடமிருந்து வந்திருந்தால், மறையாகப் பிறக்கும் குட்டிகள் அநேகமாகச் செம்மறையாகவும், ஒற்றை நிறமானவை அநேகமாக பே அல்லது கறுப்பாகவும் இருக்கும். அவன் குட்டிகளின் படங்களை அடுக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். உங்களுக்குக் கருமறைதான் வேண்டும் என்றால் இது தெரிந்திருக்க வேண்டும். எதுவானாலும் சரி என்று நீங்களே சொல்லிவிட்டதால் விடலாம்.

இ பற்றி: பெயின்ட் ரத்தம் இருக்கிறது என்றால் ஃபிரேம் சோதனை இல்லாமல் தொடவே கூடாது. ஃபிரேம் ஜீன் ஒரு பிரதி இருந்தால் தொல்லையில்லை, வெள்ளை சில நேரம் வெளியே தெரியவும் தெரியாது. இரண்டு பிரதி சேர்ந்தால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும், குடலில் நரம்பணுக்கள் இருக்காது, சாணம் போகாமல் ஓரிரு நாளில் துடித்துச் செத்துவிடும். சிகிச்சை கிடையாது. உங்கள் பெண்குதிரையிடம் ஃபிரேம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் சுட்டி வைத்த செவலை என்பதால் அவளுக்கும் ஒரு சோதனை போட்டுவிடுங்கள். ஒரு மயிர்க்கற்றையில் எல்லாச் சோதனையும் முடியும்.

லாடம்:

எனக்கு அ தான் சரி என்று படுகிறது. குட்டியை விற்கும் நாள் வந்தால் மறைக்குட்டிக்கு ஆள் நிற்பார்கள், செவலைக்குட்டிக்கு நிற்க மாட்டார்கள். பதினோரு மாதம் சுமக்கவைத்து, ஸ்கேன், விந்து, ஈற்றுச் செலவு எல்லாம் செய்து, கடைசியில் பாதி வாய்ப்பில் ஒற்றை நிறக் குட்டி வந்தால் கேட்ட விஷயமே கைகூடவில்லையே. பெண்குதிரை தாண்டுகிறாள், அது குட்டிக்குப் போகும். நிறத்தை உறுதி செய்துகொள்வதில் என்ன தப்பு?

சுட்டி:

தப்பில்லை லாடம் அண்ணே. ஆனால் இரட்டைப்பிரதி என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒரு பிரதி அப்பனிடமிருந்து, ஒரு பிரதி தாயிடமிருந்து. ஆக அவன் அப்பனும் மறை, தாயும் மறை. உலகத்தில் உயர்மட்டத்தில் தாண்டும் குதிரைகளில் மறை எத்தனை? மிகச் சில. அந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளேயே இரண்டு பக்கமும் தேடி எடுத்தால்தான் இரட்டைப்பிரதி கிடைக்கும். ஒற்றைப்பிரதிப் பொலிகுதிரைக்கு ஒரு பக்கம் மறை போதும், மறுபக்கம் முழு உலகமும் திறந்திருக்கிறது. 1.60 தாண்டிய ஒற்றை நிறத் தாய் கூட இருக்கலாம்.

இன்னொன்று: மறை வார்ம்பிளட்களில் பலவற்றின் வம்சாவளியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனால் நெதர்லாந்தின் சாம்பரிடம் போய் நிற்கும். பெரிக்கிள்ஸ் என்ற தரோபிரெட்டின் (பந்தயக்குதிரை இனம்) மகன். அமெரிக்காவில் பேர்போன ஆர்ட் டெக்கோ அவன் மகன்தான். அருமையான குதிரைகள், ஆனால் ஒரே கிணற்றில் எல்லோரும் இறைக்கிறோம். அ-வின் வம்சாவளியில் ஐந்து தலைமுறைக்குள் ஒரே பெயர் அப்பன் பக்கமும் தாய் பக்கமும் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

நிறம் ஒரு ஜீன். தாண்டும் திறமை ஆயிரக்கணக்கான ஜீன்களின் கூட்டு. ஒரு ஜீனை உறுதி செய்யப் போய் மற்றதில் பேரம் பேசக் கூடாது என்பதுதான் என் கட்சி.

லாடம்:

இரட்டைப்பிரதி ஆனால் அப்பன், தாய் இரண்டும் 1.40 தாண்டியவை என்றால்?

சுட்டி:

அப்படி ஒருவன் இருந்தால் நானே முதல் ஆளாக அவனுக்கு ஓட்டுப் போடுவேன். அ-வுக்கு அப்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடிவாளம், அவன் பெற்றோரின் போட்டிப் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

பாய்ச்சல்:

வம்சாவளி முக்கியம்தான், ஆனால் கண்ணால் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. வீடியோ பார்க்கும் முறை சொல்கிறேன்.

முதலில் தாண்டுவதைப் பார்க்காதீர்கள், கேன்டரைப் பாருங்கள். ஒலியை நிறுத்திவிட்டு, வேகத்தைக் கால் பங்காகக் குறைத்து ஓடவிடுங்கள். மூன்று தாளமும் தெளிவாக விழுகிறதா? பின்கால் வயிற்றுக்கு அடியில் வந்து ஊன்றுகிறதா, இல்லை பின்னாலேயே தள்ளுகிறதா? தோள் மேலே எழும்புகிறதா? குட்டை கேன்டர் உள்ள பெண்குதிரைக்கு இதுதான் நீங்கள் வாங்கப்போகும் சரக்கு.

பிறகு தடைக்கு முந்தின கடைசி எட்டை (காலடியை) நிறுத்திப் பாருங்கள். நல்ல குதிரை அந்த எட்டில் பின்னங்கால் இரண்டையும் கிட்டத்தட்ட இணையாக அடியில் கொண்டுவந்து, இடுப்பைத் தாழ்த்தி, முன்பக்கத்தை விடுவிக்கும். கால்கள் ஒன்றுக்கொன்று விலகி முன்னும் பின்னுமாக ஊன்றினால் விசை பாதியாகச் சிதறும். தடையின் உச்சியில் முன்கை தரைக்கு இணையாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், முட்டி இரண்டும் ஒரே உயரத்தில். பிடரிமேடு முதுகின் மிக உயர்ந்த புள்ளியாகத் தெரிய வேண்டும். கடைசியாகப் பின்பக்கம்: கம்பைக் கடக்கும்போது ஸ்டைஃபிள் வெளியே திறந்து, குளம்பு வால் பக்கம் எழும்புகிறதா? உங்கள் பெண்குதிரை செய்யாதது இதைத்தான்.

இப்போது இ-யைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆள் ஏறாமல் ஓடவிட்டுத் தாண்டவைக்கும்போது பாதையும் தூரமும் மனிதன் அமைத்துக் கொடுத்தது. அதில் தெரிவது உடல் வலுவும் அனிச்சையும். ஆளைச் சுமந்து, தவறான தூரத்தில் வந்து, திருப்பத்தில் சமநிலை இழந்து, இரண்டாம் சுற்றில் களைத்தபின் என்ன செய்வான் என்பது அதில் தெரியாது. 4 வயதுக் குதிரையின் குட்டி தாண்டுமா என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் குட்டியே இன்னும் இல்லை. கட்டணம் குறைவாக இருப்பது அதனால்தான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆ-வின் மூத்த குட்டிகள் 5 வயது என்றீர்கள். இளங்குதிரை வகுப்பில் எத்தனை ஓடுகின்றன? பதிவான குட்டிகளின் எண்ணிக்கையை வைத்து வகுத்துப் பாருங்கள். நூறு குட்டியில் நாலு தாண்டினால் ஒரு கதை, இருபது குட்டியில் நாலு தாண்டினால் வேறு கதை. பெல்ஜியத்தின் லானகனில் ஆண்டுதோறும் 5, 6, 7 வயதுக் குதிரைகளுக்கு உலக இனவிருத்தி சாம்பியன்ஷிப் நடக்கிறது, அங்கே ஒரு குட்டி வந்திருந்தால் வீடியோ எளிதில் கிடைக்கும். நல்ல குட்டியின் வீடியோவை உரிமையாளர் தானே அனுப்புவார். நீங்கள் சுமாரான மூன்று குட்டிகளைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். அவன் எதைத் தொடர்ந்து கொடுக்கிறான் என்பது சுமாரானவற்றில்தான் தெரியும்.

கடிவாளம்:

அனைவருக்கும் நன்றி. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, குதியும் ஸ்டைஃபிளும் சுத்தம், முன் ஃபெட்லாக்கிலும் (குளம்புக்கு மேல் மூட்டிலும்) எலும்புத் துண்டு எதுவும் இல்லை. அவள் தாய் 1.30 தாண்டியவள், தாயின் இன்னொரு மகன் 1.45.

அ-வின் அப்பன் மறை, ட்ரெசாஜ் (தடையில்லா நடைப் போட்டி) வழி. தாய் மறை, போட்டிப் பதிவே இல்லை. ஐந்து தலைமுறைக்குள் ஒரே பொலிகுதிரை இரண்டு பக்கமும் வருகிறது. ஆ-வின் தாய் செவலை மறை, 1.35 தாண்டியிருக்கிறாள். அப்பன் ஒற்றை நிறம், 1.60 தாண்டியவன்.

குளிர்விந்தா, உறைவிந்தா? மயிர் அனுப்பும்போது என்னென்ன சோதனை கேட்க வேண்டும்?

ஈற்றறை:

தாய் வழி இவ்வளவு நன்றாக இருக்கிறதென்றால் அதை அ-வுக்கு வீணாக்காதீர்கள். ட்ரெசாஜ் ரத்தம் கெட்டது என்று சொல்லவில்லை, கேன்டருக்கு அது உதவும். ஆனால் ஸ்கோப் (உயரமும் அகலமும் தாண்டும் திறன்) தேவைப்படும் பெண்குதிரைக்கு ஸ்கோப்பே நிரூபிக்காத அப்பன் எப்படிச் சரியாகும்?

மருந்துப்பெட்டி:

சோதனை பற்றி: வார்ம்பிளட் என்றால் முதலில் கேட்க வேண்டியது டபிள்யூஎஃப்எஃப்எஸ், அதாவது தோல் நலிவுக் குட்டி நோய். பிளாட்1 ஜீனில் ஒரு மாற்றம். வார்ம்பிளட்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இதைச் சுமக்கிறது, சுமக்கும் குதிரைக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இருபக்கமும் சுமந்தால் நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரும். பெரும்பாலும் சினை கலைந்துவிடும். பிறந்தாலும் தோல் காகிதம் மாதிரி கிழியும், மூட்டு தளர்ந்திருக்கும், பிழைக்காது. ஒருவர் சுமந்து மற்றவர் சுத்தம் என்றால் நோய்க்குட்டி பிறக்காது, பாதிக் குட்டிகள் சுமப்பவையாக இருக்கும். அவ்வளவுதான். சுமக்கும் பொலிகுதிரையை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை, சுத்தமான பெண்குதிரையோடு சேர்த்தால் போதும்.

கூடவே டோபியானோ, ஃபிரேம், எக்ஸ்டென்ஷன், அகூட்டி (பேயா கறுப்பா என்று தீர்மானிக்கும் ஜீன்), கிரே (வயது ஏற வெளுக்கவைக்கும் ஜீன்). கிரேயைக் கேட்பது பொலிகுதிரைக்காக. பொலிகுதிரை கிரே மறையாக இருந்தால் குட்டிக்கு அது பாதி வாய்ப்பிலாவது போகும், 6, 8 வயதில் மறையே தெரியாமல் வெளுத்துவிடும். செவலைப் பெண்குதிரையிடம் கிரே ஜீன் இருக்க முடியாது, இருந்தால் அவள் இதற்குள் வெளுத்திருப்பாள். ஆகவே அவளுக்கு அந்தச் சோதனைக்காசு வேண்டாம்.

விந்து பற்றி: 9 வயது, முதல் சினை. முடிந்தால் குளிர்விந்து. காரணம் சொல்கிறேன். குளிர்விந்து 5 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம், நல்ல பொலிகுதிரை என்றால் 48 மணி வரை தாங்கும். முட்டை வெளிப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே போட்டாலும் பிடிக்கும். உறைவிந்து உருகியபின் உள்ளே 12 மணி நேரம் தாண்டாது என்றே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் முட்டை வெளிப்படுவதற்கு 12 மணி முன்னிருந்து 6 மணி பின்வரை என்ற சின்ன ஜன்னலுக்குள் போட வேண்டும். ஒரே டோஸ் என்றால் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை ஸ்கேன். இரண்டு டோஸ் இருந்தால் ஹெச்சிஜி ஊசிக்கு (முட்டையை வெளிவரவைக்கும் ஊசி) பின் 24ஆம் மணி ஒன்று, 40ஆம் மணி ஒன்று என்று ஸ்கேனைக் குறைத்தும் போடலாம்.

வரிசை இப்படி. பருவத்துக்கு வந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன். ஃபாலிக்கிள் (முட்டை வளரும் பை) 35 மி.மீ. தாண்டி, கருப்பைச் சுவர் ஆரஞ்சுப்பழத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி வீங்கித் தெரியும்போது ஹெச்சிஜி அல்லது டெஸ்லோரெலின் ஊசி. அதிலிருந்து சுமார் 36 முதல் 42 மணியில் முட்டை வெளிப்படும். ஊசி போடும் நேரத்தை விந்து வந்துசேரும் நேரத்தோடு பொருத்துங்கள். பலர் விந்தை முதலில் ஆர்டர் செய்துவிட்டு ஃபாலிக்கிளுக்குக் காத்திருப்பார்கள், பெட்டி திறக்காமலே பாழாகும்.

உறைவிந்து வந்தால் உருக்கும் கை மிக முக்கியம். 0.5 மி.லி. ஸ்ட்ராவை (விந்து அடைத்த குழலை) 37 டிகிரி தண்ணீரில் 30 வினாடி, வெப்பமானி வைத்து. எடுத்ததும் ஸ்ட்ராவை வெளியே சுத்தமாகத் துடைத்துவிட்டு வெட்டுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் அணுக்கள் செத்துப்போகும். டோஸ் என்றால் எத்தனை ஸ்ட்ரா என்று சான்றிதழில் பாருங்கள், எட்டு இருக்கலாம், நாலும் இருக்கலாம். உருகியபின் முன்னேறி நீந்தும் அணு 35 சதவீதமாவது, டோஸுக்கு 25 கோடியாவது இருக்க வேண்டும்.

முதல் சினைக்கு வரும் வயதான பெண்குதிரைக்கு கருப்பை வாய் சரியாகத் தளராது. விந்து போட்டபின் நீர் உள்ளே தேங்கி அழற்சி வரும், கரு அங்கே ஒட்டாது. போட்டு 4 முதல் 6 மணி கழித்து ஸ்கேன் செய்து, நீர் தேங்கியிருந்தால் கழுவி, ஆக்சிடோசின் 20 யூனிட் கொடுக்க வேண்டியிருக்கும். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள், இரவு 11 மணிக்கு அழைக்கும்படி ஆகிவிடக் கூடாது.

சினைச் சோதனை 14 முதல் 16ஆம் நாள். அதைத் தள்ளிப்போடவே கூடாது. இரட்டை இருந்தால் அந்த நாட்களில்தான் ஒன்றை எளிதாக நசுக்க முடியும், 17ஆம் நாளுக்குப் பின் கரு இடம்பிடித்துவிடும். குதிரைக்கு இரட்டைச் சினை ஆபத்து, பெரும்பாலும் இரண்டும் போய்விடும். அடுத்தது 28ஆம் நாள், இதயத்துடிப்பு. சராசரிச் சினைக்காலம் 340 நாள். கருச்சிதைவுக்கு எதிரான ஹெர்பெஸ் தடுப்பூசி 5, 7, 9ஆம் மாதங்களில்.

சேணம்:

காகிதம் பற்றி யாரும் பேசவில்லை. குட்டி எந்தப் பதிவேட்டில் பதிவாகப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெண்குதிரையின் பதிவேடு ஆ-வை அங்கீகரிக்கிறதா? ஒரு பதிவேட்டில் உரிமம் பெற்ற பொலிகுதிரையை இன்னொன்று ஏற்கும் என்ற கட்டாயம் இல்லை. நிறத்துக்கென்றே உள்ள பதிவேட்டில் மட்டும் உரிமம் இருந்தால், ஒற்றை நிறக் குட்டி வந்தால் அதற்கு என்ன காகிதம் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். லாடம் அண்ணன் சொன்ன விற்பனைப் பிரச்சினை உண்மையில் இங்கேதான் இருக்கிறது. நல்ல பதிவேட்டுக் காகிதமும் தாண்டும் தாய்வழியும் உள்ள ஒற்றை நிறக் குட்டிக்கு ஷோஜம்பிங்காரர்கள் வருவார்கள். காகிதமில்லாத ஒற்றை நிறக் குட்டிக்கு யாரும் வரமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: "உயிருள்ள குட்டி" என்று எழுதியிருந்தால் அதற்கு விளக்கம் என்ன, எழுந்து நின்று பால்குடித்தாலா, 48 மணி நேரம் உயிரோடிருந்தாலா? ஐரோப்பிய ஒப்பந்தங்களில் அக்டோபர் 1 என்று ஒரு தேதி அடிக்கடி வரும், அன்று சினை இல்லை என்று மருத்துவர் சான்று கொடுத்தால் கட்டணம் இல்லை அல்லது அடுத்த ஆண்டு இலவசம். அந்தச் சான்றை ஒரு நாள் தாமதமாக அனுப்பினாலும் உரிமை போகலாம். உறைவிந்தை ஸ்ட்ரா கணக்கில் விற்றால் பெரும்பாலும் எந்த உத்தரவாதமும் இருக்காது. பொலிகுதிரை செத்துப்போனால் அல்லது விற்கப்பட்டால் மறுமுறை உரிமை என்ன ஆகும்?

ஆ இன்னும் போட்டியில் ஓடுகிறான். போட்டி வாரங்களில் குளிர்விந்து கிடைக்காது. அவன் அட்டவணையை இப்போதே வாங்கி, உங்கள் பெண்குதிரையின் 21 நாள் சுழற்சியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்விந்து ஒப்பந்தத்திலேயே "கிடைக்காத நாளுக்கு உறைவிந்து ஒரு டோஸ்" என்று சேர்க்கச் சொல்லுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

விந்து அனுப்பும் இடத்திலிருந்து நோய்ச் சான்றுகளும் வேண்டும்: தொற்றுக் கருப்பை அழற்சி, க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ், வைரல் ஆர்ட்டரைட்டிஸ், தொற்று ரத்தச்சோகை. வைரல் ஆர்ட்டரைட்டிஸை பொலிகுதிரை நோயே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விந்தில் கழிக்கும். உங்கள் பெண்குதிரைக்கும் இனப்பருவம் தொடங்கும் முன் கருப்பையில் பஞ்சால் தொட்டு நோய்ச்சோதனைக்கு மாதிரி எடுத்துவிடுங்கள்.

கடிவாளம்:

மயிர்ச் சோதனை வந்துவிட்டது. பெண்குதிரை: ஃபிரேம் இல்லை, டபிள்யூஎஃப்எஃப்எஸ் ஒரு பிரதி சுமக்கிறாள். ஆ சுத்தம், அறிக்கை அனுப்பிவிட்டார்கள். அ-வுக்குச் சோதனையே செய்ததில்லை என்கிறார்கள். இ ஃபிரேம் சுமக்கிறான், டபிள்யூஎஃப்எஃப்எஸ் இல்லை.

மருந்துப்பெட்டி:

அப்படியானால் அ-வின் அறிக்கை வராமல் அவனிடம் போகவே கூடாது. இ-யோடு சேர்த்தால் குட்டி சாகாது, ஆனால் பாதிக் குட்டிகள் ஃபிரேம் சுமக்கும், பாதி டபிள்யூஎஃப்எஃப்எஸ் சுமக்கும், இரண்டையும் சேர்த்துச் சுமக்க நாலில் ஒரு வாய்ப்பு. பெண்குட்டி பிறந்து பிறகு அவளை இனவிருத்திக்கு வைத்தால் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து ஜோடி தேட வேண்டும். ஆ-வோடு டபிள்யூஎஃப்எஃப்எஸ் பாதி வாய்ப்பு, அதுவும் சுமப்பது மட்டும். பிறந்ததும் குட்டிக்கும் சோதனை போட்டு காகிதத்தோடு வைத்துவிடுங்கள்.

லாடம்:

அறிக்கை இல்லாத அ-வுக்காக நான் இனிமேல் பேசவில்லை. ஆ தான். ஒற்றை நிறம் வந்தால் அதே ஜோடிக்கு இரண்டாம் முறை போக ஒப்பந்தத்திலேயே விலைக்குறைப்பு கேட்டு வையுங்கள் தம்பி, முதல் கையெழுத்துக்கு முன் கேட்டால்தான் கிடைக்கும்.

பாய்ச்சல்:

ஆ-வின் பின்காலை மட்டும் ஒரு முறை நேரில் பார்த்துவிடுங்கள். கடினத் தரையில் நேர்க்கோட்டில் நடக்கவிட்டு பின்னாலிருந்தும், பக்கத்தில் நிற்கவைத்து ஈற்றறை அக்கா சொன்ன நேர்க்கோட்டையும். 10 வயதில் 1.50 தாண்டும் குதிரையின் குதி வெப்பமில்லாமல், வீக்கமில்லாமல் இருந்தால் அது எந்தச் சான்றிதழையும் விடப் பெரிது.

கடிவாளம்:

அடுத்த வாரம் பார்க்கப் போகிறேன். பார்த்தபின் கையெழுத்து. பஞ்சு மாதிரிக்கு மருத்துவரிடம் நாள் வாங்கிவிட்டேன். ஆ-வின் மூன்று சுமாரான குட்டிகளின் வீடியோ கிடைத்தது, பட்டியல் பிறகு போடுகிறேன். இரண்டில் பின்பக்கம் திறக்கிறது, ஒன்றில் இல்லை. அந்த ஒன்றின் தாய் நேர்க்கால்.

ஈற்றறை:

அந்த ஒன்றின் படத்தைத்தான் முதலில் போடுங்கள் தம்பி.